தகர ஷீட்டு சத்தமும் அத்தையோட வாட்ஸப் ஃபார்வர்டும்

போன ஞாயித்துக்கிழமை காலையில எங்க ஃபேமிலி குரூப்ல அத்தை ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தாங்க. பிங்க் கலர்ல ஒரு ரிப்பன், அதுக்குக் கீழ இனிமே மேமோகிராம் வேண்டாம், அமுக்க வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம், ஒளியும் ஒலியும் சேர்ந்து ஒரே நிமிஷத்துல மார்புக் கேன்சரைக் கண்டுபிடிச்சிரும், இதைப் பத்து பேருக்கு அனுப்புங்கன்னு இருந்துச்சு. ஒளியும் ஒலியும்னு பாத்ததும் எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்த தூர்தர்ஷன் சினிமாப் பாட்டு புரோகிராம்தான், என் செட்டு ஆளுங்களுக்கு அது புரியும்.

சிரிச்சிட்டு விட்ருப்பேன், ஆனா அத்தை அதை சும்மா அனுப்பல. ரெண்டு மாசமா நான் அவங்களை ஒரே ஒரு தடவை மேமோகிராம், அதான் மார்பை எடுக்குற எக்ஸ்ரே, எடுத்துட்டு வந்துரலாம் வாங்கன்னு கூப்பிட்டுட்டே இருக்கேன், அவங்களுக்கு 61 வயசு, இது வரைக்கும் ஒரு தடவை கூட எடுத்ததில்ல, இன்னைக்கு அமாவாசை நாளைக்கு கல்யாணம்னு தள்ளிட்டே இருந்தவங்களுக்கு இது நல்ல சாக்கா கிடைச்சிருச்சு. மத்தியானம் சோறு போடும்போதே ஆரம்பிச்சுட்டாங்க. "பாத்தியா கண்ணு, புதுசா மெஷினு வந்துருக்குதாமா. அது நம்மூருக்கு வரட்டும், அப்பப் போயிக்கலாம். இப்பப் போயி எதுக்கு அந்த நசுக்குற மெஷின்ல மாட்டோணும்."

நசுக்குற மெஷின்னு அவங்களுக்கு சொன்னதே நான்தான். போன வருஷம் எனக்கு நடந்ததை வீட்டுக்கு வந்து கொஞ்சம் கூடவே சேத்து சொல்லிட்டேன்னு இப்பத் தோணுது. அதனால இந்தப் போஸ்ட் பாதி அத்தைக்கு பாதி எனக்கு. அவங்க படிக்க மாட்டாங்க, வாய்ஸ் நோட்டாப் போட்டாத்தான் கேப்பாங்க, பரவால்ல.

என் கதை இதுதான். எங்கம்மாவோட தங்கச்சி, என் சித்தி, மார்புல வந்த கட்டியை எட்டு மாசம் யாருகிட்டயும் சொல்லாம வச்சிருந்து, சொல்றப்ப அக்குள்லயும் நெறி கட்டியிருந்துச்சு, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம்தான் இருந்தாங்க. அதனால 40 தாண்டுனதும் டெஸ்ட் எடுத்துரணும்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருந்தேன், கணக்கு மனசுக்குள்ளயே கிடந்துச்சு, 43ல தான் போனேன்.

ஸ்கேன் சென்டர் பேர் வேண்டாம். உள்ள ஏசி குளிரு, கவுனை முன்பக்கம் திறந்த மாதிரி போட்டு நின்னா டெக்னீஷியன் பொண்ணு வந்து நம்ம மார்பை ஏதோ தக்காளிக் கடையில எடை போடுற மாதிரி எடுத்து தட்டு மேல வைக்கும், மேல இருந்து கண்ணாடி மாதிரி ஒரு பிளேட்டு இறங்கி வரும், சப்பாத்தி பிரஸ் பாத்திருப்பீங்கல்ல அதேதான். "மூச்சைப் பிடிச்சுக்கங்கக்கா, பிடிங்க பிடிங்க, ஆச்சு, விடுங்க." ஒரு பக்கத்துக்கு ரெண்டு படம், மொத்தம் நாலு தடவை. வலிக்கலைன்னு சொன்னா பொய், ஆனா ஒவ்வொண்ணும் சில செகண்டுதான், இப்ப யோசிச்சா வலியை விட அந்தத் தட்டோட ஜில்லுதான் ஞாபகம் இருக்கு. தட்டையா பரப்புனாத்தான் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு ஒளிஞ்சுக்காம தெரியும், எக்ஸ்ரேயும் கம்மியாப் போதும், அதுக்குத்தான் அந்த அமுக்கு. எக்ஸ்ரேன்னு பயப்படுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், நாம சும்மா திண்ணையில உக்காந்திருந்தாலே மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் கதிர்வீச்சு மேல பட்டுக்கிட்டேதான் இருக்கும், அப்படி ஒரு ஏழு வாரத்துல படுறதுதான் ஒரு மேமோகிராம்ல படுது.

எனக்குப் பிரச்சனை அமுக்குறதுல வரல, ரிப்போர்ட்ல வந்துச்சு. ஏசிஆர் டைப் சி ன்னு போட்டிருந்தாங்க. என்னன்னு கேட்டா உங்களுக்கு டென்ஸ் பிரெஸ்ட் மேடம், அல்ட்ராசவுண்டும் பாத்துரலாம்னாங்க. மார்புல கொழுப்பும் இருக்கும் பால் சுரப்பித் திசுவும் இருக்கும், எக்ஸ்ரேல கொழுப்பு கருப்பாத் தெரியும், திசு வெள்ளையாத் தெரியும், கேன்சர் கட்டியும் வெள்ளையாத்தான் தெரியும். கொழுப்பு அதிகம்னா கருப்புத் துணியில வெள்ளைப் பொத்தான், பாத்ததும் தெரிஞ்சிரும். டென்ஸா இருந்தா பஞ்சு மூட்டைக்குள்ள வெள்ளைப் பொத்தான், தேடிக்கிட்டே இருக்கணும். ஏ பி சி டி ன்னு நாலு வகை, சி யும் டி யும் டென்ஸு. இது நோய் இல்ல, அமெரிக்காவுல 40 தாண்டுன பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு அப்படித்தானாம், 2024 செப்டம்பர்ல இருந்து அங்க மேமோகிராம் எடுக்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் உங்களுக்கு டென்ஸா இல்லையான்னு கட்டாயம் சொல்லியே ஆகணும்னு, மருந்துக்கும் மெஷினுக்கும் அனுமதி குடுக்கற அந்த நாட்டு அரசு அமைப்பு எஃப்டிஏ ரூலே போட்டிருக்கு. வயசு கம்மின்னா டென்ஸா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. நம்ம நாட்டுல இந்த நோய் மேல்நாட்டை விட ஒரு பத்து வருஷம் முன்னாடியே வந்துருதுங்கறதையும் சேத்து யோசிச்சா, மேமோகிராமுக்குக் கண்ணு மங்குற வயசுலதான் நம்மாளுங்க நிறைய பேரு மாட்டுறாங்க.

அல்ட்ராசவுண்டுல இடது பக்கம் ஒரு கட்டி, ஒண்ணே கால் சென்டிமீட்டர். பைராட்ஸ் 4ஏ, கேன்சரா இருக்க எவ்வளவு சந்தேகம்னு டாக்டருங்க போடுற நம்பர் அது. ரிப்போர்ட் குடுத்த கவுண்ட்டர் பையன் அதைப் பிரிச்சுப் பாத்துட்டு, பத்து பேர் உக்காந்திருக்கற இடத்துல "நீங்க கேன்சர் டாக்டரைப் பாக்கணும் மேடம்"னு சொன்னான். அந்தப் பையனை நான் இன்னும் மன்னிக்கல.

அப்புறம் வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்கப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், பைராட்ஸ் 4ங்கறது பெரிய கோணிப்பை, 2 பர்சென்ட்ல இருந்து 95 பர்சென்ட் வரைக்கும் சந்தேகம் உள்ளதெல்லாம் அதுக்குள்ளதான், அதுல 4ஏ ன்னா 2ல இருந்து 10 பர்சென்ட். அதாவது என்னை மாதிரி நூறு பேரை வரிசையா நிக்க வச்சா 90 பேருக்காவது ஒண்ணும் இருக்காது, ஆனா அந்த 90 யாரு மீதி யாருன்னு தெரியணும்னா நூறு பேரும் ஊசி குத்திக்கணும்.

குத்திக்கிட்டேன். மரத்துப் போக ஒரு ஊசி போட்டுட்டு, கட்டியில இருந்து ஊசியால துணுக்கு எடுக்கற பயாப்சி கன்னை எடுத்து அந்த டாக்டரம்மா மொதல்ல காத்துலயே ஒரு தடவை அழுத்திக் காமிச்சாங்க. டக்! பெரிய ஸ்டேப்ளர் மாதிரி. "இந்த சத்தம் வரும்மா, அப்ப துள்ளிராதீங்க, அதுக்குத்தான் முன்னாடியே காட்டுறேன்." நாலு தடவை டக். வலியே இல்ல, சத்தத்துக்குத்தான் நாலு தடவையும் உடம்பு தூக்கிப் போட்டுச்சு. மார்பு ரெண்டு வாரம் கத்திரிக்காய் கலர்ல இருந்துச்சு. ரிசல்ட் வர ஆறு நாள், அந்த ஆறு நாளும் எங்க வீட்டுக்காரர் என்னை ஒரு வேலையும் செய்ய விடலைங்கறதே எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. கடைசியில ஃபைப்ரோஅடினோமா. சாதாரணக் கட்டி, ஒண்ணும் பண்ண வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்க.

அதனால அத்தையோட ஃபார்வர்டைப் பாத்ததும் எனக்கு வந்த கேள்வி வேற. அமுக்குறது மிச்சமாகுமாங்கறதை விட, அந்த ஆறு நாளு மிச்சமாகுமா? நான் ஒண்ணும் டாக்டர் இல்ல, பேங்க்ல வேலை, பிஎஸ்சி பிசிக்ஸ் படிச்சது எப்பவோ. ஆனா இந்த ஒரு வாரமா லேப்டாப்பும் கையுமாத்தான் இருக்கேன்.

வெறும் வெளிச்சத்தை வச்சுப் பாக்குறது பழைய ஆசை. கரண்ட் போன ராத்திரியில டார்ச்சை உள்ளங்கைல அழுத்தி வச்சு கை முழுக்க செக்கச்செவேல்னு ஆகுறதைப் பாக்காத பிள்ளைங்க உண்டா, 1929லயே அமெரிக்காவுல மேக்ஸ் கட்லர்னு ஒரு டாக்டர் இருட்டு ரூம்ல விளக்கை மார்புக்கு அடியில பிடிச்சு இதேதான் பண்ணிப் பாத்தாரு. ஆனா டார்ச்சு வச்ச கையைப் பாத்தவங்களுக்கு இதோட குறையும் தெரிஞ்சிருக்கும், கை சிவக்கும், எலும்பு எங்க நரம்பு எங்கன்னு கோடு போட்ட மாதிரி தெரியாது. வெளிச்சம் சதைக்குள்ள போயி மோதி மோதி சிதறிருது, பால்ல டார்ச்சு அடிச்ச மாதிரி. சத்தம் அப்படி இல்ல, அது வெளிச்சத்தை விட பல நூறு மடங்கு கம்மியாத்தான் சிதறும், அதனாலதான் அல்ட்ராசவுண்டுல ஓரமெல்லாம் கூர்மையாத் தெரியுது. ஆனா சத்தத்துக்கு நிறம் தெரியாது, எது ரத்தம், அந்த ரத்தத்துல ஆக்சிஜன் இருக்கா இல்லையான்னெல்லாம் அதுக்கு எங்க தெரியும். வெளிச்சத்துக்கு அது தெரியும். அப்ப வெளிச்சத்தை உள்ள அனுப்பி, சத்தமா வெளிய வாங்குனா?

அது எப்படி முடியும்னு யோசிச்சப்ப எனக்கு எங்க அப்பாவோட தறிக் கொட்டகைதான் ஞாபகம் வந்துச்சு. சோமனூர் பக்கம் எங்க ஊரு, கொட்டகைக்கு மேல தகர ஷீட்டு. தறி ஓடுனா பக்கத்துல பேசுறது கூடக் கேக்காது, ஆனா மத்தியானம் கரண்ட் போயி எல்லாத் தறியும் நின்ன உடனே மேல இருந்து டொக், டொக்குனு ஒரு சத்தம் வரும். சின்னதுல பூனை நடக்குதுன்னு நினைப்பேன். அப்பாதான் சொன்னாரு, வெயில் பட்டா ஷீட்டு விரியுது, மேகம் மறைச்சா சுருங்குது, அதான் சத்தம்னு. வெயில் பட்டு சூடாகி, விரிஞ்சு, சத்தம். அவ்வளவுதான் இந்த டெக்னாலஜியோட அடிப்படை, ஃபோட்டோஅக்கூஸ்டிக்னு பேரு. போன் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதை 1880லயே கண்டுபிடிச்சிட்டாரு, வெயிலைப் பிடிச்சு அதுக்கு முன்னாடி ஓட்டை போட்ட சக்கரத்தைச் சுத்த விட்டு வெளிச்சத்தை வெட்டி வெட்டி ஒரு பொருள் மேல விழ வச்சா அந்தப் பொருளே சத்தம் போடுதுன்னு. கருப்பா இருக்கற பொருள்தான் அதிகமா சத்தம் போடுதுன்னும் பாத்து எழுதி வச்சிருக்காரு, விளக்குக் கரி நல்லா பாடுச்சாம். இந்தக் கருப்பு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருது.

மார்புல என்ன பண்றாங்கன்னா வெயிலுக்குப் பதிலா லேசர். ஒரு செகண்டை நூறு கோடியா வெட்டுனா ஒரு நானோ செகண்டு, அந்த மாதிரி சில நானோ செகண்டு மட்டும் ஒரு வெளிச்சத்தை அடிப்பாங்க. உள்ள போன வெளிச்சத்தை ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் குடிச்சுக்கும், ஒரு டிகிரியில ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல சூடாகும், நமக்கு உறைக்கவே உறைக்காது, ஆனா அந்த சூட்டுக்கே ரத்தக் குழாய் ஒரு துளி விரிஞ்சு டொக்குங்கும். நம்ம காதுக்குக் கேக்காத அல்ட்ராசவுண்டு டொக்கு. அதை வெளிய தோல் மேல வச்சிருக்கற ப்ரோபுங்கற கருவி வாங்கி எங்க இருந்து வந்துச்சுன்னு கணக்குப் போட்டு படமா வரைஞ்சிரும். கேன்சர் கட்டி வளரணும்னா சோறு வேணும், அதனால சுத்தி புதுசு புதுசா ரத்தக் குழாயை இழுத்துக்கும், அந்தக் குழாயெல்லாம் அவசரத்துல கட்டுன வீட்டு பிளம்பிங் மாதிரி கோணல்மாணலா இருக்கும், கட்டி ஆக்சிஜனை உறிஞ்சிக்கிறதால உள்ள ஓடுற ரத்தத்துல ஆக்சிஜனும் கம்மியா இருக்கும். ஆக்சிஜன் உள்ள ரத்தம் ஒரு நிற வெளிச்சத்தை அதிகம் குடிக்கும், இல்லாத ரத்தம் இன்னொண்ணை அதிகம் குடிக்கும், ரெண்டு நிறத்துலயும் மாத்தி மாத்தி அடிச்சா எது எதுன்னு பிரிச்சுரலாம். படம் எடுக்கறதோட நிக்காம கட்டி என்ன சாப்பிடுதுன்னே எட்டிப் பாக்குற மாதிரிதான் இது.

இதைப் பல ஊர்ல பல விதமா செஞ்சு பாக்குறாங்க. நெதர்லாந்துல ட்வென்டே யுனிவர்சிட்டியில ஸ்ரீரங் மனோகர் டீம் 2007லயே நோயாளிகள்கிட்ட எடுத்த மொதல் படங்களை வெளியிட்டாங்க. ஜப்பான்ல கியோட்டோ யுனிவர்சிட்டியும் கேமரா கம்பெனி கேனானும் சேந்து, குப்புறப் படுத்தா மார்பு ஒரு கிண்ணத்துக்குள்ள இறங்குற மாதிரி மெஷின் பண்ணாங்க, கிண்ணம் முழுக்க சத்தம் கேக்குற சென்சாரு. அமெரிக்காவுல கால்டெக் யுனிவர்சிட்டியில லிஹோங் வாங் டீம் 2018ல வெளியிட்டதுல ஒரு தடவை மூச்சைப் பிடிச்சு விடுறதுக்குள்ள, 15 செகண்டுல, 4 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் மொத்த மார்போட ரத்தக் குழாயையும் படமா எடுத்துட்டாங்க, அந்தப் படத்தைப் பாத்தா ஆத்துப் படுகையை மேல இருந்து எடுத்த மாதிரி அவ்வளவு அழகா இருக்கு. அதுல 9 கட்டியில 8 தெரிஞ்சுச்சு. நல்லாத்தான் இருக்கு, ஆனா மொத்தமே 9 கட்டிதான்கறதையும் பாத்துக்கணும். அத்தை ஃபார்வர்டுல இருந்த ஒரு நிமிஷ மெஷின் அமெரிக்காவுல பஃபலோ யுனிவர்சிட்டியில ஜுன் சியா டீம் பண்றதா இருக்கும்னு நினைக்கிறேன், அதுல நின்னுக்கிட்டே எடுத்துக்கலாம், லேசர் படமும் அல்ட்ராசவுண்டு படமும் ஒரே ஓட்டத்துல எடுத்துரும். அதுலயும் லேசா அமுக்கத்தான் செய்யறாங்க அத்தை! வெளிச்சம் ஆழமாப் போகணும்னா சதையோட தடிமனைக் குறைச்சாகணும், சப்பாத்தி பிரஸ் அளவுக்கு இல்லைன்னாலும்.

இதெல்லாம் லேப் மெஷின். ஆஸ்பத்திரியில நிஜமா வைக்கலாம்னு லைசென்ஸ் வாங்குனது ஒண்ணு இருக்கு, டெக்சஸ்ல சான் அன்டோனியோ ஊருல செனோ மெடிக்கல்னு ஒரு கம்பெனியோட இமாஜியோ. 2021 ஜனவரியில எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு. பாக்க சாதாரண அல்ட்ராசவுண்டு ப்ரோபு மாதிரிதான், கையில பிடிச்சு ஜெல் தடவி ஓட்டுறது, ஆனா ப்ரோபோட ரெண்டு பக்கமும் லேசர் வருது, 757 நானோமீட்டர்ல ஒண்ணு, 1064ல ஒண்ணு, அதனால டாக்டரும் நோயாளியும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கணும். திரையில சாம்பல் நிற அல்ட்ராசவுண்டு படத்துக்கு மேல ஆக்சிஜன் உள்ள ரத்தம் பச்சையாவும் இல்லாதது சிவப்பாவும் தெரியும். ஆனா அனுமதி எதுக்குன்னு படிச்சா அத்தைக்கு ஏமாத்தமா இருக்கும். மேமோகிராமோ வேற ஏதாவதோ எடுத்து சந்தேகம்னு அனுப்புனவங்களுக்கும், கட்டி தட்டுப்படுதுன்னு வந்தவங்களுக்கும் அந்தக் கட்டியை இன்னும் நல்லாப் பாக்குறதுக்கு மட்டும்தான் அனுமதி. ஒண்ணுமே இல்லாதவங்களை கூப்பிட்டு வச்சு கேன்சர் இருக்கான்னு தேடுறதுக்கு இல்ல.

அதாவது நான் மாட்டுன இடம். மேமோகிராம் முடிஞ்சு, அல்ட்ராசவுண்டு முடிஞ்சு, 4ஏ ன்னு கையில பேப்பரை வச்சுக்கிட்டு நின்னேன்ல, அந்த இடத்துக்குத்தான் இந்த மெஷின்.

ஏன் அந்த இடம் இவ்வளவு முக்கியம்னா, அல்ட்ராசவுண்டு நல்லாத் தேடும், ஆனா பொய்க் கூப்பாடும் போடும். ஜப்பான்ல 40ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள 72,998 பேரை வச்சு பெரிய ஆராய்ச்சி பண்ணி 2016ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில போட்டாங்க, ஜே ஸ்டார்ட்னு பேரு. மேமோகிராம் மட்டும் எடுத்தா நூறு கேன்சர்ல 77 பிடிபட்டுச்சு, கூட அல்ட்ராசவுண்டும் சேத்தா 91. எவ்வளவு பெரிய லாபம்! ஆனா ஒண்ணுமே இல்லாதவங்களை சரியா ஒண்ணுமில்லைன்னு சொல்றது 91லிருந்து 88க்கு இறங்கிருச்சு. நூத்துக்கு மூணு பேருதானேன்னு தோணும், லட்சக்கணக்குல எடுக்கறப்ப அந்த மூணு மூணா சேந்ததுதான் ஊசி குத்திக்கிட்டு ஆறு நாள் தூங்காம இருக்கற கூட்டம். நானும் அதுல ஒருத்தி.

இமாஜியோவோட பெரிய ஆராய்ச்சி அமெரிக்காவுல 16 இடத்துல 2,105 பொம்பளைங்களை வச்சு நடந்துச்சு, 2018ல ரேடியாலஜி பத்திரிகையில வந்திருக்கு. அதுல சாதாரணக் கட்டி நூறு இருந்தா, அல்ட்ராசவுண்டை மட்டும் வச்சு இது ஒண்ணுமில்லைன்னு சரியா விட்டது 28. லேசரும் சேந்தப்ப 43. பதினஞ்சு பேருக்கு ஊசி மிச்சம், அதுல நான் இருந்திருப்பேனோ என்னவோ. இங்க வரைக்கும் படிச்சிட்டு நான் சந்தோஷத்துல எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காமிச்சேன், அவருதான் அடுத்த வரியைப் படின்னாரு. நிஜமாவே கேன்சரா இருந்த கட்டியில அல்ட்ராசவுண்டு மட்டும் நூத்துக்கு 98.6 ஐ பிடிச்சிருக்கு, லேசர் சேந்தப்ப 96. கூட ரெண்டு மூணு நழுவிருச்சு. பதினஞ்சு பேருக்கு ஊசியும் பயமும் மிச்சம், அதுக்குப் பதிலா அந்தப் பக்கம் ரெண்டு மூணு பேருக்கு ஒண்ணுமில்லைன்னு தப்பா சொல்லிருது. இந்த வியாபாரம் கட்டுபடியாகுமா? போன வருஷம் அந்த ஆறு நாள்ல கேட்டிருந்தா ஆகும்னு சொல்லிருப்பேன். சித்தியை நினைச்சா ஆகாது. இன்னும் ரெண்டு தடவை குத்துனாலும் பரவால்ல, விட்றாதீங்கன்னுதான் சொல்வேன்.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. ஆரம்பக் கட்ட கேன்சர் சிலது கட்டியாவே இருக்காது, மேமோகிராம்ல உப்புத் தூவுன மாதிரி சுண்ணாம்புப் பொடிப் புள்ளியாத்தான் தெரியும். ரத்தத்தைத் தேடுற லேசருக்கு அந்தப் பொடி கண்ணுல படுறது கஷ்டம், எக்ஸ்ரேக்கு அது கைவந்த கலை. வருஷக்கணக்கா லட்சக்கணக்கான பேரை வச்சு சாவைக் குறைக்குதான்னு எண்ணிப் பாத்த ஆராய்ச்சியெல்லாம் மேமோகிராமுக்கு இருக்கு, இதுக்கு இன்னும் கிடையாது. லேசரே இல்லாம, தண்ணித் தொட்டியில மார்பை இறக்கி சுத்தி வளையமா சத்தம் மட்டும் அனுப்பிப் படம் எடுக்கற சாஃப்ட்வியூன்னு ஒரு மெஷினுக்கு 2021 அக்டோபர்ல டென்ஸ் ஆளுங்களுக்கு ஸ்கிரீனிங் பண்ணவே, அதாவது ஒண்ணுமே இல்லாதவங்ககிட்ட தேடிப் பாக்கவே, அனுமதி குடுத்தாங்க, அதுல அமுக்கலே கிடையாது, ஆனா அதுவும் மேமோகிராமோட சேத்து எடுக்கறதுக்குத்தான், தனியா இல்ல.

இப்ப அந்தக் கருப்பு விஷயம். பெல் சொன்னாருல்ல, கருப்பா இருந்தா சத்தம் அதிகம்னு. நம்ம தோலுக்கு நிறம் குடுக்கற மெலனினும் வெளிச்சத்தை நல்லாக் குடிக்கும். லேசர் அடிச்ச உடனே மொதல்ல தோலே டொக்குனு கத்திரும், உள்ள போற வெளிச்சமும் குறைஞ்சிரும், அடியில இருக்கற கட்டியோட சின்ன சத்தம் அந்த இரைச்சல்ல அமுங்கிப் போகும், தறி ஓடுறப்ப தகர ஷீட்டு சத்தம் கேக்காதுல்ல, அந்த மாதிரி. கொரோனா டைம்ல வீட்டுக்கு வீடு விரல்ல மாட்டுனோமே ஆக்சிமீட்டர், அதுலயே இந்தக் கோளாறு உண்டு, அது வெள்ளைக்காரங்களை விடக் கருப்பர்களுக்குக் கிட்டத்தட்ட மூணு மடங்கு தடவை ஆக்சிஜன் குறைஞ்சதைக் காட்டாம விட்டுச்சுன்னு 2020ல மிச்சிகன் டாக்டர்ங்க எழுதுன பிறகுதான் உலகமே முழிச்சுக்கிச்சு. ஃபோட்டோஅக்கூஸ்டிக்ல இதைப் பிடிச்சு உலுக்கிக்கிட்டு இருக்கறவங்கள்ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டியில முயினாட்டு பெல்னு ஒரு அம்மா முக்கியமானவங்க, இவங்களும் பெல்லுதான், அவருக்கு சொந்தமெல்லாம் இல்ல. பிரேசில் ஆராய்ச்சியாளர்களோட சேந்து, தோல் கருக்கக் கருக்கப் படம் எப்படிக் குழம்புதுன்னு காட்டி, வந்த சத்தத்துல ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போறதை மட்டும் எடுத்துப் படம் வரையிற முறையில அதை நல்லாக் குறைக்கலாம்னும் 2023ல காட்டுனாங்க. வெளிச்சத்தோட அலைநீளம் கூடக் கூட மெலனின் குடிக்கறதும் குறையும். வழி இருக்கு. ஆனா சோமனூர் வெயில்ல ஐம்பது வருஷம் பாவு ஓட்டுன எங்க அத்தை தோலுக்கு இந்த மெஷின் எப்படிப் பாக்கும்னு ஒருத்தராவது இங்க சோதிச்சுக் காட்டட்டும், அப்புறம் நம்மூருக்கு வந்துருச்சுன்னு கை கூப்புவோம்.

இந்தியாவுல 2022ல மட்டும் புதுசா 1,92,020 பேருக்கு இந்த நோய் வந்திருக்குன்னு குளோபோகான்ங்கற உலக கேன்சர் கணக்கு சொல்லுது, 98,337 பேர் இறந்திருக்காங்க. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்ப எனக்கு சித்தியோட எட்டு மாசம்தான் ஞாபகம் வந்துச்சு. மெஷின் இல்லாம செத்தவங்களை விட, வெட்கப்பட்டு, பயந்து, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு தள்ளி லேட்டா வந்து செத்தவங்கதான் இதுல அதிகம் இருப்பாங்கன்னு எனக்குப் படுது. மும்பையில டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி ஆளுங்க 20 வருஷம் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஒன்றரை லட்சம் பொம்பளைங்க, பாதிப் பேருக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பயிற்சி எடுத்த பெண் பணியாளர்கள் கையாலயே தடவிப் பாத்தாங்க, எக்ஸ்ரே இல்ல லேசர் இல்ல ஒரு மண்ணும் இல்ல. 2021ல பிஎம்ஜேங்கற மருத்துவப் பத்திரிகையில வந்திருக்கு, 50 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல சாவு கிட்டத்தட்ட 30 பர்சென்ட் குறைஞ்சிருக்கு. வெறும் கை! நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துலயே 30 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு இதைப் பாக்குறாங்க, காசு கிடையாது.

இதையெல்லாம் நேத்து ராத்திரி அத்தைகிட்ட சொன்னேன். லேசர் நானோ செகண்டெல்லாம் சொல்லல, தகர ஷீட்டு கதையை மட்டும் சொன்னேன், "அட ஆமா, உங்கப்பன் கொட்டாயில நானே கேட்டுருக்கறேன்"னாங்க. அப்புறம் பஞ்சு மூட்டைக் கதை. எனக்குத்தான் பஞ்சு மூட்டை அத்தை, உங்க வயசுக்கு அனேகமா கருப்புத் துணியாத்தான் இருக்கும், இருக்கற பழைய மெஷினே உங்களுக்கு நல்லாப் பாக்கும், அந்தப் புது மெஷின் வந்தாலும் இந்தப் பழசுல பாத்து சந்தேகம்னாத்தான் அதுகிட்டயே அனுப்புவாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. வெங்காயம் உரிச்சுக்கிட்டே இருந்தாங்க.

"அமுக்குவாங்கதானே?"

"அமுக்குவாங்க அத்தை. நாலு தடவை. நான் கூட நிப்பேன், எக்ஸ்ரே அடிக்கறப்ப மட்டும் வெளிய போகச் சொல்லுவாங்க."

"வெள்ளிக்கிழமை வேண்டாம். வியாழக்கிழமை போடு."

வியாழக்கிழமை 11 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன், வேற சென்டர்ல, அந்தக் கவுண்ட்டர் பையன் இல்லாத இடமாப் பாத்து. குரூப்ல அந்த ஃபார்வர்டுக்கு இதுவரைக்கும் பதினாலு பேர் கை கூப்பியிருக்காங்க, அதுல மூணு பேரு 50க்கு மேல. அவங்களுக்குத் தனித்தனியாப் போன் பண்ணணும்.